அறுபது ஆகட்டும்

டொக்டர் அம்ஹர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஆள் மாறிவிட்டதோ என்று உறையில் எழுதியிருந்த பேரையும் பார்த்தார்.

“பேச்சியம்மா, வயசு அம்பத்தஞ்சு. நீங்கதானே?”

“ஆமாங்க ஐயா,” என்றாள் பேச்சியம்மா. பக்கத்தில் நின்ற மகள் நிஷாந்தி, கேட்காமலேயே அம்மாவின் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். பிறந்த வருடம் 1970 என்று அதில் இருந்தது.

எழுபது வயதுக்காரரின் முழங்கால்கூட இதைவிட நன்றாக இருக்கும் என்றார் டொக்டர். எலும்பும் எலும்பும் உரசுகின்றன, நடுவில் மிச்சம் ஒன்றுமில்லை. எப்போதிருந்து இந்த வலி என்று கேட்டார்.

அதை வருடம் போட்டுச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. பஞ்சத்தின்போது நானுஓயாவிலிருந்து மரவள்ளிக்கிழங்கு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மலை ஏறும்போது விழுந்தாளாம், அன்றைக்குத் தொடங்கியது என்றாள். டொக்டர் தலையாட்டினார். அவர் பிறப்பதற்கு முந்திய பஞ்சம் அது, வீட்டில் பெரியவர்கள் பேசிக் கேட்டதோடு சரி.

மீதியை நிஷாந்திதான் சொன்னாள். மலையிலிருந்து இறங்கும்போது அம்மா பின்பக்கமாகத் திரும்பி, தேயிலைச் செடியைப் பிடித்துப் பிடித்துத்தான் இறங்குகிறாள். குந்தினால் எழ முடியாது என்று பயந்து, வேலைக்குப் போகும் நாளெல்லாம் சாயங்காலம் வரை ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதில்லை. 

டொக்டர் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஆனாலும் ஒப்பரேஷன் இப்போது வேண்டாம் என்றார். மாற்றி வைக்கும் மூட்டு பதினைந்து இருபது வருடம்தான் உழைக்கும், ஐம்பத்தைந்தில் வைத்தால் எழுபத்தைந்தில் மறுபடியும் திறக்க வேண்டிவரும், அந்த வயதில் அது லேசுப்பட்ட காரியமில்லை. போதாததற்கு, அறுபது தாண்டியவர்களே ஏராளமாகக் காத்திருக்கிறார்கள்.

“அறுபது ஆகட்டும்மா. அப்ப செய்வோம்.”

அறுபது என்றால் என்ன என்று பேச்சியம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அவள் கொழுந்து பறிக்கும் தேயிலைத் தோட்டத்தில் அறுபது ஆனதும் பேரை வெட்டிவிடுவார்கள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நிற்க வீட்டில் ஓர் ஆளாவது இல்லையென்றால், குடியிருக்கத் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவையும் திருப்பிக் கேட்பார்கள். புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. நிஷாந்தி தலவாக்கலையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள், அவளும் அவள் பிள்ளைகள் இரண்டும் படுத்து எழும்புவது அந்தக் காம்பராவில்தான்.

மகள் கொழுந்துப் பையைத் தொடக் கூடாது என்பது பேச்சியம்மாவின் ஒரே பிடிவாதம். அதற்காக இன்னும் ஐந்து வருடத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஐந்து வருடம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், அந்தக் காலை வைத்துக்கொண்டு மலையில் நிற்பவளுக்கல்லவா தெரியும்.

“சரிங்க ஐயா. அதுவரைக்கும் வேலைக்குப் போகலாங்களா?”

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மலை ஏறி இறங்கும் வேலை இன்றோடு சரி என்றார். கால் வளையத் தொடங்கிவிட்டது, இதே வேலையை இன்னும் ஐந்து வருடம் செய்தால் பிறகு எந்த மூட்டு வைத்தாலும் நிமிராது, படுத்த படுக்கைதான்.

 நிஷாந்தி, கடையிலிருந்து நின்றுவிடுகிறேன், அம்மாவுடைய மலையில் நானே கொழுந்து பறிக்கிறேன் என்றாள். திங்கட்கிழமையே தோட்டத்தில் பேர் பதிவதாக அவள் சொன்னது, ஏற்கெனவே முடிவு செய்துவிட்டதுபோல இருந்தது.

பேச்சியம்மாவுக்கு அழுகை வந்தது. எதைக் காப்பாற்ற இத்தனை காலம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாளோ, அது கண்ணெதிரே போய்விட்டது. இனி மகள் பகலெல்லாம் மலையில் நிற்பாள், வீட்டுக்கு வந்து தாயையும் தூக்கிச் சுமப்பாள். இரண்டில் ஒரு சுமையையாவது குறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

“ஐயா, அறுபது ஆனா செய்வேன்னு சொன்னீங்கள்ல? எனக்கு இப்ப அறுபத்து மூணு.”

நிஷாந்தி அம்மாவின் தோளைப் பிடித்து, என்ன உளறுகிறாய் என்று அதட்டினாள். டொக்டர் அடையாள அட்டையை அவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்தார். பிறப்புப் பத்திரத்தைப் பார்த்துத்தானே இதைக் கொடுத்திருப்பார்கள் என்று கேட்டார்.

“ஆமாங்க. எம் பொறப்ப யாரும் பதியல. ஐடி எடுக்கப் போனப்ப வீட்டுல இருந்தது பேச்சியம்மாவோட பத்திரம் ஒண்ணுதான்.”

“அம்மா, நீதானே பேச்சியம்மா?” என்றாள் நிஷாந்தி.

“அது எந் தங்கச்சி. நாலு வயசுல, பஞ்சத்துல செத்துப்போச்சு.”