அழைப்புக்கு நகல் இருக்கா?

"உங்களை இங்க அனுப்புனது யாரு?"

பேராயர் அலுவலகத்துச் செயலாளர் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

"கடவுள்" என்றார் சிறைப் போதகர்.

"சரி, இருக்கட்டும். அவரு போட்ட உத்தரவுக்கு நகல் இருக்கா?"

ஜெயிலர் அறை வாசலில் நின்ற வார்டர், சிரிப்பை இருமலாக மாற்றப் படாதபாடு பட்டார். போதகருக்குச் சுருக்கென்றது.

பழைய பேராயர் காலமாகிப் புதியவர் வந்ததும் அலுவலகத்தில் கோப்புகளைத் தூசி தட்டியிருக்கிறார்கள். நான்கு வருடமாக ஒரு போதகர் சிறையில் ஊழியம் செய்கிறார். ஆனால் அவரை அனுப்பிய உத்தரவு எந்தக் கோப்பிலும் இல்லை. அதை விசாரிக்கத்தான் செயலாளரே நேரில் வந்திருந்தார்.

"உத்தரவைக் காட்டுனா இங்கயே இருங்க. இல்லேன்னா நாளைக்கே பழையபடி பெரிய சர்ச்சுக்கு வந்துடுங்க. ஏசி இருக்கு, வாரத்துக்கு மூணு கல்யாணம் இருக்கு. எதுக்குங்க இந்த இடத்தைக் கட்டிக்கிட்டு அழறீங்க?"

"அரை மணி நேரம் குடுங்க" என்று போதகர் ஜெப அறைக்கு ஓடினார்.

ஒரு காலத்தில் உடைந்த வாளிகளைப் போட்டு வைத்திருந்த அறை அது. சிறை அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கைதி, எல்லோருக்கும் 'கம்பாசிட்டர்', அங்கே பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க ஐயா, பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க?"

"அண்ணே, என் அழைப்புக் கடிதத்தைப் பாத்தீங்களா? வேதாகமத்துக்குள்ளதான் வச்சிருந்தேன்."

"நீங்கதான் அதை வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டிக்கிட்டு இருந்தீங்களே!"

உண்மைதான். கேட்டவர்களுக்கும் காட்டினார், கேட்காதவர்களுக்கும் காட்டினார். கைமாறிக் கைமாறி அது எங்கே போனதோ தெரியவில்லை.

இருவருமாகப் பாட்டுப் புத்தகங்களை உதறினார்கள், பாயைச் சுருட்டினார்கள், அலமாரியை நகர்த்தினார்கள். ஒரு பல்லிதான் வெளியே வந்தது.

பெரிய சர்ச்சில் நான்காவது உதவிப் போதகராக இருந்தபோது வந்த கடிதம் அது. புதுக் கார்களுக்கு ஜெபம் செய்வதுதான் அங்கே அவர் வேலை. கடிதத்தைப் பிரித்தவர் அன்று முழுக்க அழுதார். பாதி பக்தியில், பாதி பயத்தில். நேரே போய்ப் பேராயருக்கு நன்றி சொன்னார். எண்பத்தாறு வயதுப் பெரியவர் தலையில் கை வைத்து, "நல்லது மகனே, போய் வா" என்றார். மின்விசிறி மாட்ட வந்தவரிடமும் அவர் அதையேதான் சொல்வார். பெரிய சர்ச்சில் ஒரு உதவிப் போதகர் குறைந்ததை ஒரு மாதம் வரை யாரும் கவனிக்கவே இல்லை.

சிறையில் முதல் ஆராதனைக்கு ஏழு பேர் வந்தார்கள். ஐந்து பேர் தூங்கினார்கள், இரண்டு பேர் குறட்டையே விட்டார்கள். இப்போது அறை கொள்வதில்லை. பிரசங்கத்தின் நடுவில் எழுந்து நின்று கேள்வி கேட்டு அவரோடு சண்டை போடுகிறார்கள். யாரையும் "என்ன குத்தம் பண்ணீங்க?" என்று அவர் கேட்டதில்லை, எல்லோரையும் நம்பினார். அவர்களை அவருக்கு மிகவும் பிடித்துப் போயிருந்தது.

"அதுல என்ன எழுதியிருந்துச்சு ஐயா? மறந்துட்டீங்களா?"

"மறக்குமா? 'அங்கே முந்நூறு பேர் மேய்ப்பன் இல்லாமல் இருக்கிறார்கள். ஜெபத்தில் உமது பெயர் வந்தது. புறப்படும்.'"

"'உடனே புறப்படும்'" என்று கம்பாசிட்டர் திருத்தினார்.

"ஆமாண்ணே, உடனே!" போதகரின் குரல் உடைந்தது. "முன்னாடியெல்லாம் இங்க ஒருத்தர் செத்தா, ஒரு வார்த்தை ஜெபம் இல்லாம பின் கேட் வழியா அனுப்பிடுவாங்களாமே. நான் வந்தப்புறம் பதினோரு பேருக்கு அந்த கேட்ல நின்னிருக்கேன். இனிமே யாருண்ணே நிப்பாங்க?"

வார்டர் தலையை நீட்டினார். "ஐயா, செயலாளரு கெளம்பப் போறாராம். 'கடவுள் இன்னும் கையெழுத்துப் போட்டு முடிக்கலையா'ன்னு கேக்கறாரு."

"இன்னொரு டீ குடுத்து உக்கார வைங்க" என்றார் கம்பாசிட்டர், ஜெயிலரே உத்தரவு போடுகிற தோரணையில். வார்டர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

போதகர் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். "விடுங்கண்ணே. தேடுனது போதும். கடவுள் என்னைக் கூப்பிட்டது நிஜம். ஆனா அதுக்கு அந்த ஒரு காகிதம்தான் சாட்சி. அது போச்சுன்னா எல்லாம் போச்சு."

கம்பாசிட்டர் எழுந்து பக்கத்திலிருந்த அச்சகத்துக்குப் போனார். ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்து, கதவைச் சாத்திவிட்டு, பேராயர் அலுவலகத்தின் முத்திரை போட்ட வெள்ளைத் தாள் ஒன்றைப் பெஞ்சின்மேல் விரித்தார்.

"என்னண்ணே இது?"

"அவங்களுக்கு லெட்டர்பேட் அடிச்சுக் குடுக்கறதே நம்ம பிரஸ்தான் ஐயா. பழைய தாள் கொஞ்சம் மிச்சம் இருக்கு."

போதகர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கம்பாசிட்டர் நான்கு வருடத்துக்கு முந்தைய தேதியை அழகாக எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க, பேராயர் கையெழுத்தைப் போன தடவையும் நான்தானே போட்டேன்!"