சோபாவின் உறை

படிக்கட்டிலேயே குறட்டை கேட்டது.

அவளுக்கு நம்ப முடியவில்லை. பட்டப்பகலில் அவள் வீட்டில் இப்படித் தூங்குவது யார்?

அப்பா வந்து ஒரு மாதமாகிறது. மகளைக் கொடுத்த வீட்டில் போய்த் தங்குவதாவது! அவருக்கு உடம்பெல்லாம் கூச்சம்.

ஹாலில் கிடக்கும் சோபாதான் அவருக்குக் கட்டில். இழுத்தால் படுக்கை, தள்ளினால் இருக்கை. கடைக்காரன் போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறையை மட்டும் அவர் கழற்ற விடவில்லை. மாப்பிள்ளை ஆசையாக வாங்கிய பொருளாம். தன் எண்ணெய்த் தலை பட்டு அழுக்காகிவிடுமாம்.

புரண்டால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் வரும். அவர் புரளாமலே தூங்கப் பழகிக்கொண்டார்.

பால்காரர் வருவதற்குள் கட்டில் மறுபடி சோபாவாகிவிடும். பேருந்துக்குக் காத்திருப்பவர் போல, பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு அதன் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். மாப்பிள்ளை தலை தெரிந்தால் எழுந்து நின்றுவிடுவார்.

வெள்ளிக்கிழமை கிளம்பிவிடுவேன் என்பது வாரா வாரம் பாடும் பாட்டு.

ஊரில் இருப்பது அம்மா இல்லாத வீடு. அங்கே போனால் அடுப்பே பற்றவைக்க மாட்டார். போகாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

கதவைத் தள்ளினாள்.

படுக்கை விரிந்து கிடந்தது.

நடுவில் அப்பா. மல்லாந்து, வேட்டி முழங்காலுக்கு ஏற, ஒரு கை இந்தப் பக்கம், ஒரு கை அந்தப் பக்கம். மிச்சமிருந்த மூலையில் அவள் கணவன் இளவரசு ஒடுங்கி உட்கார்ந்து, சத்தமில்லாமல் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

உறையைக் காணோம். புத்தம்புதுத் துணியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சாம்பார்க் கறை.

அவள் அலறியே விட்டாள்.

அப்பா கண்ணைத் திறந்தார். எழுந்திருக்கவில்லை.

“நான் இல்லம்மா. உறையக் கழட்டுனதும் மாப்ளதான், கொட்டுனதும் மாப்ளதான்.”

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. சொல்லிவிட்டு நிம்மதியாகப் புரண்டு படுத்தார். ஒரு சத்தமும் வரவில்லை.

அவள் கணவனைப் பார்த்தாள். உள்ளங்கை நனையாமல் சாம்பார் சாதம் சாப்பிடுகிறவன் அவன். இத்தனை வருடத்தில் ஒரு பருக்கை சிந்தியதில்லை.

அவன் தொலைக்காட்சியை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

அப்படியே அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எங்கே, அப்பாவின் கால் குறுக்கே இருந்தது.

அப்போதுதான் சோபாவின் காலடியைப் பார்த்தாள். பெட்டி இல்லை.

சுற்றுமுற்றும் தேடிவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

பரண்மேல், பழைய மின்விசிறிக்குப் பின்னால் இருந்தது. தூசி படாமல் சோபா உறையை அதற்குச் சுற்றி, மேலே சணல் கயிறு போட்டிருந்தது.

முடிச்சு அப்பா போட்டது. லேசில் அவிழாது.