விழாத மாதம்

முதியோர் இல்லத்தின் மூன்றாம் அறையில் கோதண்டபாணியின் கைத்தடிக்கு ஒரே ஒரு வேலைதான். தினமும் நாலு மணிக்கு அவரைச் சமையலறைவரை நடத்திப்போய், டீ குடிக்க வைத்துக் கூட்டிவர வேண்டும். அதற்கும் வேட்டு வைக்க ஒரு புது விரிப்பு வந்து சேர்ந்தது. கரண்டில் ஓடும் எச்சரிக்கை விரிப்பு; கட்டிலை ஒட்டித் தரையில் கிடக்கும், இறங்கும் கால் பட்டால் அலறும்.

முதல் வாரம் அது அலறும்போதெல்லாம் நர்ஸ் ஜெபமணி ஓடிவந்து, "விழுந்துடுவீங்க ஐயா, உக்காருங்க" என்றாள். இரண்டாம் வாரம் ஓடி அலுத்துப்போய் டீயைக் கட்டிலுக்கே கொண்டுவந்துவிட்டாள். மாதக் கடைசியில் மேலாளர் எல்லா அறைக்கும் ஒரு விரிப்பு வாங்கச் சொன்னார்.

"பாத்தியா அண்ணே, ஐயா ஒரு தடவைகூட விழலை" என்றது விரிப்பு.

"கட்டில்லயே கிடக்கிறவர் எங்க போய் விழுவார்?" என்றது தடி.

"ஓய்வு குடுத்தா வாங்கிக்கத் தெரியலையே உனக்கு."

ஒருநாள் சரியாக நாலு மணிக்குக் கரண்ட் போயிற்று. விரிப்பின் பச்சை விளக்கு அணைந்தது. தடிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"வாங்க ஐயா, அவன் வாயடைச்சுட்டான். ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாம்."

கோதண்டபாணி தடியை ஊன்றிக் காலை இறக்கினார். விரிப்பிலிருந்து சத்தமே இல்லை. சட்டென்று காலை மெத்தைமேல் இழுத்துக்கொண்டார்.

"ஜெபமணி, சீக்கிரம் வாம்மா. இது கத்த மாட்டேங்குது. நான் விழுந்துட்டா யாருக்குத் தெரியும்?"

தடியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கரண்ட் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.