தூண்டிலில் நிற்காத ஈரல்

"கோழி ஈரல் முள்ளுல நிக்கவே மாட்டேங்குது டெல்பர்ட். வீசினதுமே கழண்டு ஆத்தோட போயிடுது," என்று போன சனிக்கிழமை வெர்னா அலுத்துக்கொண்டாள்.

"அப்ப ஈரலை விடுங்க. அழுகின சீஸ் உருண்டை போட்டுப் பாருங்க. கெளுத்திக்கு நாத்தம்னா உயிரு."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. என் கை நாறினதுதான் மிச்சம்."

மிசௌரி ஆற்றங்கரையில் தூண்டில் கடை வைத்திருந்த டெல்பர்ட் அன்றும் உண்மையைச் சொல்லவில்லை. ஈரலைப் பழைய நைலான் காலுறைத் துண்டில் பொதிந்து நூலால் கட்டினால் கழலாது. ஆனால், மீன் கிடைத்துவிட்டால் அவள் ஏன் கடைக்கு வரப்போகிறாள்? மனைவி இறந்த பிறகு, நின்று அவனோடு பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

இந்தச் சனிக்கிழமை அவள் வரவில்லை. மதியம்வரை வாசலையே பார்த்திருந்தவனுக்கு மனம் உறுத்தியது. வெறுத்துப்போய்த் தூண்டிலையே விட்டுவிட்டாளோ? கடையைப் பூட்டிவிட்டு ஆற்றுக்குப் போனான்.

வெர்னா கரையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வாளி நிறையக் கெளுத்தி. அவளுடைய முள்ளில் ஈரல், காலுறைத் துண்டுக்குள் பத்திரமாக இருந்தது.

"இதை யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"எங்கப்பா. எனக்கு அப்ப ஏழு வயசு."

"அப்புறம் எதுக்கு வாராவாரம் என்கிட்ட வந்து கேட்டீங்க? இன்னிக்கு ஏன் வரலை?"

"கேக்கறதுக்குக் கேள்வி தீந்துபோச்சு," என்றாள் வெர்னா, ஆற்றைப் பார்த்தபடியே. "ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அதுக்குத்தான் வாய் வரலை."

"கேளுங்க."

"வீட்டுல நான் ஒருத்திதான். பொரிச்சு வெச்சுட்டுத் தனியா சாப்பிட முடியலை. இன்னிக்கு ராத்திரி சாப்பிட வரீங்களா, டெல்பர்ட்?"