மடத்து வாசலில் ஒரு கார்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரம். அரியலூர்ச் சாலையோரத்து மடத்தில், சமாதானத்துக்கான மெழுகுதிரியைச் சகோதரி ஆக்னஸ் ஏற்றும்போது வாசலில் கார் ஒன்று வந்து நிற்கிறது. இன்ஜின் அணையவில்லை. அதன் விளக்கு வெளிச்சத்தில் ஜன்னல் கம்பிகளின் நிழல் ஜெப அறைச் சுவரில் விழுந்து, மூலையில் ஒடுங்கியிருக்கும் மணிமொழியின் முகத்திலும் கோடு போடுகிறது. காலனிப் பையன் அன்பழகனைக் கட்டிக்கொண்டு இன்று காலையில்தான் இங்கே தஞ்சம் புகுந்தவள்; அவன் வேறிடத்தில் ஒளிந்திருக்கிறான். கழுத்திலிருக்கும் புது மஞ்சள் கயிற்றைப் பல்லில் கடித்தபடி, "எங்க பெரியப்பா காரு, சிஸ்டர். கூட்டிட்டுப் போனா உசுரோட வுடமாட்டாங்க" என்கிறாள். போலீசுக்குச் சொல்லியாகிவிட்டது, இன்னும் வந்தபாடில்லை. மற்ற சகோதரிகள் ஜெபத்தை நிறுத்தாமல் குரலை மட்டும் உயர்த்துகிறார்கள். காருக்குள்ளிருந்து ஒருவர் கூப்பிடுகிறார்: "சிஸ்டர், நாங்க சண்டைக்கு வரல. புள்ளய அனுப்பிவுடுங்க, போயிட்டே இருக்கோம்." அந்தப் பணிவை ஆக்னஸ் நம்பவில்லை. மழைச் சேற்றில் நடந்து வாசலுக்குப் போகிறார். கேட்டைத் திறந்து வெளியே வருகிறார். காரிலிருந்து யாரும் இறங்குவதற்குள் வெளிப்பக்கமாகப் பூட்டி, சாவியைக் கம்பிகளுக்கு மேலாக உள்ளே இருட்டில் வீசுகிறார். கார் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்கிறது. வெளிச்சத்தில் கண் கூசுவதால் இறங்குகிறவர்களின் முகம் தெரியவில்லை. ஈரக் கம்பியில் முதுகைச் சாய்த்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். "அவளா வராம அனுப்பமாட்டேங்க. போலீஸ் வர்ற வரைக்கும் என்கிட்ட பேசுங்க."