உயிரோடு இருப்பவர்கள்

"கிளாடிஸ், ஒரு சேர் எடுத்துப் போடு. சென்சஸ் எடுக்க டீச்சர் வந்திருக்காவ."

வளன் பர்னாந்து முற்றத்துக் கட்டிலைவிட்டு எழுந்திருக்காமலே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

விஜிலா பூவரசு நிழலில் ஒதுங்கி நின்றாள். உச்சி வெயில். கடல் சத்தமே இல்லாமல் வெள்ளையாய்க் கிடந்தது. காலையிலிருந்தே அவளுக்கு எதுவும் நிஜம்போல் படவில்லை. தெரு, மாதா சிலை நிற்கும் கெபி, மணலில் காயப்போட்ட மீன் எல்லாமே தண்ணீருக்கடியிலிருந்து பார்ப்பதுபோல் லேசாக அசைந்துகொண்டிருந்தன.

இந்தக் கடலோரத் தெரு அவள் பங்கில் வரவே இல்லை. கோயிலுக்கு வடக்கே அவளுக்கு, தெற்கே அவள் பள்ளிக்கூடத்து முத்துக்குமரன் சாருக்கு என்றுதான் ஊரைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அவள்தான் கேட்டு மாற்றி வாங்கிக்கொண்டாள்.

அவர் மனைவி கிளாடிஸ் சேரைக் கொண்டுவந்து போட்டாள். அவள் கை உடனே அதை விடவில்லை. பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

"கேளுங்க டீச்சர்," என்றார் வளன், கடலைப் பார்த்தபடி. "போன தடவ எண்ண வந்தப்போ இது வேற தாலுகா. இப்போ பஞ்சாயத்தையும் ரெண்டாப் பிரிக்கப் போறாவளாம். வீடு இருந்த எடத்துலதான் இருக்கு. கோடுதான் நவுந்துக்கிட்டே இருக்கு."

"கோட்ட நான் போடல, ஐயா."

"நீங்க போட்டீங்கன்னு நான் சொன்னேனா?"

விஜிலா செல்போனில் கேள்விகளைத் திறந்தாள்.

"வீட்ல எத்தனை பேர்?"

"நானும் அவளும். மவன் ஜெஸ்டின் கப்பல்ல வேல பாக்கான். எப்பவாவது வந்து தலையக் காட்டுவான்."

பெயர், வயது, படிப்பு, தொழில் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டுப் பதிந்தாள். பூவரசம்பூ ஒன்று மெல்லச் சுழன்று வந்து அவள் மடியில் விழுந்தது. அதை எடுத்துப் போட மனம் வரவில்லை.

"பிறந்த குழந்தைங்க எத்தனை?"

"ரெண்டு."

"இப்போ உயிரோட இருக்கிறது?"

"ஒண்ணு."

விஜிலாவின் விரல் திரைக்கு மேலேயே நின்றது.

"இன்னொண்ணு?"

"மவ. பெய்ட்டா."

"எப்படி?"

"அதையுமா கெவர்மெண்ட்டு கேக்குது?"

"இல்ல. நான் கேக்கேன்."

முதல்முறையாக அவர் முகம் அவள் பக்கம் திரும்பியது.

"ஒரு நா காலையில பரீட்சைன்னு சொல்லிட்டுப் போனா. அவ அம்மை வாசல்ல நின்னு கை காட்டினா. போனவதான். தூத்துக்குடி பூரா தேடி அலைஞ்சேன். அப்புறம் மெழுகுவத்தி ஏத்தி, அழுது முடிச்சாச்சு. அம்புட்டுத்தான்."

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"அந்தக் கேள்விய பெத்தவகிட்டல்லா கேக்கணும்?"

கிளாடிஸ் நிலைப்படியில் நின்றிருந்தாள். முந்தானையை வாயருகே இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"நான் சொல்லுதேன், எழுதிக்கோம்மா. பொறந்தது ரெண்டு. உசிரோட இருக்கது ரெண்டு."

"ஏளா, உள்ள போ."

"போவ மாட்டேன். இத்தன வருசமா ஊருக்குள்ள நீங்க சொன்னதுக்கெல்லாம் வாய மூடிக்கிட்டு இருந்தேன். கெவர்மெண்ட்டுக்குப் போற கணக்குலயும் எம் பிள்ளயச் சாவடிக்க விட மாட்டேன்."

விஜிலாவுக்குத் திரையில் இருந்த எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. இரண்டில் ஏதோ ஒன்றைத் தானே போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"ஐயா, நீங்க சொல்லுங்க. எதப் போட?"

தூரத்தில், துறைமுகத்துக்குப் போகிற கப்பல் ஒன்று நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் வானத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வளன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"ரெண்டுன்னே போடு," என்றார்.

விஜிலா போட்டாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். கும்பிட்டாள். நிழலைத் தாண்டி நாலு எட்டு வைத்தவள், அதற்குமேல் நடக்கக் கால் வராமல் வெயிலிலேயே நின்றுவிட்டாள்.

வளன் அவளைக் கூப்பிடவில்லை. மனைவி பக்கம் திரும்பி அதட்டினார்.

"வேகாத வெயில்ல நிக்கா, பாத்துக்கிட்டே இருக்கியே! உள்ள கூட்டிட்டுப் போயி ஒரு வாய் சோறு போடுளா, ஒம் மவளுக்கு."