கண்ணாடியை நம்பாத பென்சில்

பூங்கோதையின் மேஜையில் ஒரு பென்சிலும் ஒரு கண்ணாடியும் இருந்தன. டிவியில் வரும் மொச்சைக் கரடி கார்ட்டூன் அவள் கையில் பிறந்ததுதான். கரடிக்குக் கோபம் வர வேண்டுமென்றால் முதலில் அவள் கண்ணாடி முன்னால் பல்லைக் கடிப்பாள். பிறகு அதைப் பார்த்து அப்படியே வரைவாள். கடைசியாக இரண்டு உருண்டைக் காது போட்டால் கரடி தயார்.

"இன்னிக்கு என்னைப் பார்த்துச் சிரிச்சா," என்றது கண்ணாடி.

"போன வாரமும் இதேதான் சொன்னே. அது கரடி தேன்கூட்டைப் பார்த்த சிரிப்பு. அவ மூஞ்சிய நம்பாதே," என்றது பென்சில்.

பல வருஷம் இப்படியே ஓடியது. ஒருநாள் டிவிக்காரர்களிடமிருந்து போன் வந்தது. கரடியை இந்த மாதத்தோடு நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். போனை வைத்துவிட்டு, அவள் கண்ணாடி முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"ஐயோ, அழறா," என்றது கண்ணாடி.

"எந்த எபிசோடுக்கு?"

"நிஜமாவே அழறாடா. மூக்கெல்லாம் ஒழுகுது."

"நிஜம்னா உன்னை எதுக்குப் பார்க்கிறா?"

பூங்கோதை பென்சிலை எடுத்தாள்.

"பார்த்தியா, நான் சொல்லல?" என்றது பென்சில்.

காகிதத்தில் வீங்கிய கண் வந்தது. ஒழுகும் மூக்கு வந்தது. இனி உருண்டைக் காதுதான் என்று பென்சில் காத்திருந்தது.

அவள், படத்தின் நெற்றியில் தன்னுடையதைப் போலவே சின்னதாக ஒரு பொட்டு வைத்துவிட்டு, பென்சிலைக் கீழே வைத்தாள்.